முதல் வகுப்புக்கு ஓர் ஒறம்பரை

விமானத்தில் முதல் வகுப்பில் போய்வந்தவன் என்று தெரிந்ததும் ஆட்கள் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். கட்டில் நிஜமாகவே காலை நீட்டிப் படுக்கிற மாதிரி இருந்ததா? சாப்பாடு என்ன போட்டார்கள்? இரண்டுக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. கட்டிலில் படுத்தேன், தூங்கவில்லை. சாப்பாட்டைத் திறந்து பார்த்தேன், எதை எதோடு சேர்த்துத் தின்பதென்று தெரியாமல் ரொட்டியை மட்டும் தின்றேன். ஆகாயத்தில் நடந்ததைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி போதாது. தரையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த டிக்கெட் நான் வாங்கியதல்ல. மங்கலம் சாலையில் சிறியதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். குழந்தைகள் உடுப்புதான் தைக்கிறோம். ஜெர்மனியில் கடை வைத்திருக்கும் ஒருவர் இருபது வருஷமாக எங்களிடம் துணி எடுத்தார். வயதாகிவிட்டது, கடையை மூடுகிறேன், கடைசி வாரம் நீ வந்து என் கடையைப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். பறந்து பறந்து அவர் சேர்த்து வைத்திருந்த பாயிண்டுகளை வைத்து என் பெயருக்கு ஒரு முதல் வகுப்பு டிக்கெட்டும் போட்டு அனுப்பிவிட்டார். என் மனைவிக்குச் சேர்த்துப் போடாததற்குக் காரணம் அவளேதான். "எனக்கு இடுப்பு ஆகாதுங்க, அவ்வளவு நேரம் உக்கார முடியாது" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

அது சாக்கு இல்லை. பன்னிரண்டு வருஷம் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் குனிந்து உட்கார்ந்த இடுப்பு அது. கம்பெனி சொந்தமாக ஆன பிறகும் பிசிறு நூல் வெட்டிச் சரிபார்க்கும் செக்கிங் மேஜையை விட்டு அவள் நகரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கொஞ்ச நேரமாவது மல்லாந்து படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

டிக்கெட் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் துணியோடு ஒட்டிய இங்கிலீஷ்: ஷேடு, ஷார்ட்டேஜ், டிலே, சாரி. இதை வைத்துக்கொண்டு எப்படி நாடு விட்டு நாடு போவது?

"வரலீன்னு மெயில் போட்டர்றேன் அம்மிணி" என்றேன்.

"அந்த மனுசன் இருவது வருசமா நம்மூட்டுல சோறு தின்னுருக்கறாரு. கூப்பிட்டுப் போகாட்டி நல்லாவா இருக்கும்?"

"நடுவுல ஒரு ஊர்ல எறங்கி வேற பிளேன் மாறோணுமாமா. நான் தப்பான பிளேன்ல ஏறிட்டேன்னா?"

"ஏறுனா அந்த ஊரச் சுத்திப் பாத்துட்டு வாங்க."

மூன்று நாள் இப்படியே போனது. பாஸ்போர்ட் தொலைந்தால் என்ன செய்வது, எனக்கு அங்கே மயக்கம் வந்தால் யாரிடம் என்ன சொல்வது என்று நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் அவள் பீஸ் செக் பண்ணிக்கொண்டே, தலை நிமிராமல், "செரி, எனக்கும் ஒரு சாதா டிக்கெட் போடுங்க. நானும் வர்றேன்" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. என் பயத்துக்காக அவள் தன் இடுப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். நான் காலை நீட்டிக்கொண்டு போவேன், அவள் பின்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வருவாள். பெயரை மாற்றி என் சீட்டை அவளுக்குக் கொடுக்க முடியுமா என்று டிராவல்ஸ் தம்பியிடம் கேட்டேன். முடியாதாம். அப்போதுதான் அவன் ஒன்று சொன்னான்.

"அண்ணா, மொத வகுப்புக்கு மேல இருக்கற மருவாதிய விடக் கீழதான் மருவாதி அதிகம். நடுவுல எறங்குற ஊர்ல ஆறு மணி நேரம் இருக்குதில்லீங்க? அங்க உங்களுக்குன்னு தனியா லவுஞ்சு இருக்குது. சோறு தண்ணி எல்லாம் உண்டு. படுக்கறதுக்குக் கட்டிலே போட்டிருக்கறாங்க. அக்காவையும் கூட்டிட்டுப் போயிக்கலாம்."

"உடுவாங்களா?"

"உடுவாங்க அண்ணா."

"சாதா டிக்கெட்டுங்க அவளுது."

"இருந்தாலும் உடுவாங்க."

அடுத்த வாரத்துக்குள் இன்னும் மூன்று தடவை போன் போட்டுக் கேட்டேன். "நாலாவது தடவங்கண்ணா" என்று அவன் கணக்குச் சொன்னான். அந்தக் கட்டில் என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் அங்கே நீட்டிப் படுத்துவிட்டால் மிச்சப் பயணத்தைத் தாங்கிவிடுவாள். படுக்க முடியாமல் போனால், நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம், பிறகு ஏழு மணி நேரம் என்று தொடர்ச்சியாக உட்கார வேண்டும். முதல் வகுப்பிடம் எனக்கு இருந்த எதிர்பார்ப்பு அந்த ஒரு கட்டில்தான். அதுவும் எனக்கல்ல.

கொச்சியில் ஏறினோம். அங்கே என் வரிசையில் யாருமே இல்லை. அவளையும் என்னோடு அதே மேஜையில் நிறுத்தி, அவள் பெட்டிக்கும் என் பெட்டிக்கும் ஒரே மாதிரி சிவப்புச் சீட்டுக் கட்டி அனுப்பினார்கள். பெட்டிக்குள் ஊத்துக்குளி நெய் இருந்தது, ஜெர்மனிப் பெரியவருக்காக. கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. டிராவல்ஸ் தம்பி சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

நான்கு மணி நேரம் கழித்து அந்த வளைகுடா ஊரில் இறங்கியபோது தைரியம் போய்விட்டது. அவள் ஒவ்வொரு இருக்கையாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். கீழுதட்டைப் பல்லால் கடித்திருந்தாள். "ஒண்ணுமில்லீங்க, நடந்தாச் செரியாப் போயிரும்" என்றாள். லவுஞ்சுக்கு நடந்த தூரத்தில் நான்கு இடத்தில் நின்றோம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வார்த்தை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருப்பூரில் துணி எடுக்க வரும் வெளிநாட்டுக்காரரை ஆபீசில் பையர் என்பார்கள். தையல் நடக்கும் இடத்தில் அவருக்குப் பெயர் 'கெஸ்ட்'. "நாளைக்குக் கெஸ்ட் வர்றாங்க" என்றால் போதும், தரை கழுவப்படும், நூல் கழிவு மறையும், முதலுதவிப் பெட்டிக்குள் புதுப் பஞ்சு வரும், எல்லோர் தலையிலும் தொப்பி ஏறும். ஒவ்வொரு கம்பெனியிலும் கெஸ்ட் ரூம் என்று ஒன்று உண்டு. ஏசி, சோபா, முந்திரிப்பருப்பு, தனிக் கக்கூஸ். என் கம்பெனியிலும் இருக்கிறது. அதற்குள் போக நானே கதவைத் தட்டுவேன். என் மனைவி அதற்குள் காலெடுத்து வைத்ததெல்லாம் துடைக்கத்தான். எங்களுக்குக் கெஸ்ட் என்றால் அவர்கள். இருபது வருஷமாக எனக்குக் கெஸ்ட் என்றால் ஒரே ஆள், ஜெர்மனிப் பெரியவர்.

லவுஞ்சு வாசலில் மேஜை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் சீட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். என் மனைவியின் சீட்டையும் பார்த்தாள்.

"எனி கெஸ்ட், சார்?"

டிக்கெட் போட்டவர் அவர்தானே, கம்ப்யூட்டரில் அவர் பெயர் வந்திருக்கும், அதனால் விசாரிக்கிறாள் என்று நினைத்தேன்.

"நோ மேடம். கெஸ்ட் ஜெர்மனி. நாட் கமிங்."

"ஸோ, நோ கெஸ்ட்?"

"நோ கெஸ்ட்" என்றேன் உறுதியாக. தப்பாக ஒன்றும் பதிவாகிவிடக் கூடாதே.

"அண்ட் த லேடி?"

"மை வைஃப்."

அவள் என் மனைவியின் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, வருத்தமாகத் தலையசைத்தாள். நீளமாக என்னவோ சொன்னாள். எனக்குப் பிடிபட்டது கடைசியில் இருந்த இரண்டு வார்த்தைதான். "ஒன்லி கெஸ்ட், சார்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கெஸ்ட் மட்டும்தான். அந்தப் பெரியவர் மாதிரி ஆட்களுக்கான அறை இது, நம் வீட்டுப் பெண்களுக்கு இல்லை. டிராவல்ஸ் தம்பி நான்கு தடவை சொன்னது அப்போது நினைவுக்கே வரவில்லை, எதிர்த்துப் பேச வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஊரில் நானே நடத்துகிற சட்டம்தானே இது?

"என்னங்க சொல்றா?"

"கெஸ்ட்டு மட்டுந்தானாமா."

"ஓ" என்றாள். அவளுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நாயந்தானுங்க. நம்ம கெஸ்ட் ரூமுக்குள்ள செக்கிங் புள்ளைகள நாம உடறமா? நீங்க போங்க. அந்தப் பெரியவரு குடுத்தது, வீணாப் போகக் கூடாது. நான் இங்கியே உக்காந்துக்கறேன்."

வாசலுக்கு எதிரே வரிசையாக இரும்பு நாற்காலிகள். படுக்கவும் முடியாது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கைப்பிடி வைத்திருந்தார்கள். நான் போக மாட்டேன் என்றேன். "உள்ள போயி வெந்நியாச்சும் வாங்கீட்டு வாங்க, மாத்திரை போடோணும்" என்று ஒரு வேலை கொடுத்து அனுப்பினாள். வேலை என்றால் நான் போவேன் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே சத்தமே இல்லை. கம்பளத்தில் கால் புதைந்தது. ஒரு பக்கம் முழுக்கச் சாப்பாடு. கடைசியில் விளக்கைத் தணித்து வைத்த ஓர் அறையில் ஆறு கட்டில்கள் இருந்தன. ஐந்தில் ஆள் இல்லை. வெள்ளை விரிப்பு, சுருக்கமில்லாமல் இழுத்து விரித்திருந்தது. மூன்று வாரமாக நான் கனவில் பார்த்த கட்டில் அது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். ஐந்து கட்டில் சும்மா கிடக்கிறது, அவள் இரும்பு நாற்காலியில் இருக்கிறாள்.

வெந்நீரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் இருக்க விடவில்லை, திரும்ப உள்ளே வந்தேன். உட்கார முடியவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்ததும் அந்தக் கையை எடுத்துவிட்டு, போங்க போங்க என்று சைகை காட்டினாள். இப்படி மூன்று தடவை எட்டிப் பார்த்தேன்.

மூன்றாவது தடவை வாசலில் ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அரை டவுசர், ரப்பர் செருப்பு. பக்கத்தில் ஓர் அம்மாள். மேஜைப் பெண் அதே கேள்வியைக் கேட்டாள்.

"எனி கெஸ்ட், சார்?"

"யெஸ். மை வைஃப்."

அவள் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டினாள். கதவு திறந்தது. இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

வெள்ளைக்காரருக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன், கோபம்கூட வந்தது. அப்புறம் அந்த மனிதர் சொன்ன இரண்டு வார்த்தையும் மெல்ல எனக்குள் இறங்கின. பெண்டாட்டியையா கெஸ்ட் என்று சொன்னார்? கூட்டி வருகிற ஆள் யாராயிருந்தாலும் கெஸ்ட்தானா? அப்படியானால் வெளியே உட்கார்ந்திருக்கிறாளே, அவள்?

மேஜைக்கு ஓடினேன்.

"மேடம், மை வைஃப்... கெஸ்ட்?"

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பட் யுவர் கெஸ்ட் ஈஸ் இன் ஜெர்மனி, சார்?"

"நோ நோ! கேன்சல் ஜெர்மனி! வைஃப் கெஸ்ட்!"

அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தட்டினாள். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் அந்த ஒரு வார்த்தைக்காக என் மனைவி இரும்பில் உட்கார்ந்திருந்தாள். பெரிய படிப்பு வேண்டாம், அந்த ஒரு வார்த்தைக்கு ஊருக்கு வெளியே என்ன பொருள் என்று தெரிந்திருந்தால் போதும்.

"வா அம்மிணி. நீதான் கெஸ்ட்டு."

"நானா? கேலி பண்ணாதீங்க."

"கம்ப்யூட்டர்லயே ஏத்தியாச்சு."

"அப்ப அந்தப் பெரியவரு?"

"அவரக் கேன்சல் பண்ணீட்டேன்."

"பாவமுங்க, டிக்கெட் போட்டதே அவருதான்" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். வாசலில் அந்தப் பெண் எழுந்து நின்று "வெல்கம், மேம்" என்றாள். எங்கள் பக்கம் ஒருவர் முகம் பார்த்து வரவேற்றால் பதிலுக்கு வாயில் தானாக வருவது ஒன்றுதான். என் மனைவி இரண்டு கையையும் கூப்பி, "வாங்க கண்ணு, நல்லா இருக்கறீங்களா?" என்றாள். அந்தப் பெண்ணும் கையைக் கூப்பினாள்.

உள்ளே போனதும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. "அப்ப நான் ஒறம்பரைங்களா?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வரும் விருந்தாளியை ஒறம்பரை என்போம். ஒறம்பரைக்கு இலை போடுவதும், நின்று பரிமாறுவதும், பாயை விரிப்பதும் முப்பது வருஷமாக அவள் வேலை.

"ஆமா, ஒறம்பரைதான்."

"செரி. அப்ப உங்க தங்கச்சி நம்மூட்டுக்கு வந்தா எப்படி இருப்பாங்களோ அப்படி இருக்கப் போறேன். காப்பில சக்கரை பத்தலைன்னு சொல்லுங்க."

"இன்னும் காப்பியே வரலியே."

"வந்ததும் சொல்லுங்க."

காப்பி வந்தது. சர்க்கரை தனியாக ஒரு கிண்ணத்தில் வந்ததால் அவளால் குறை சொல்ல முடியவில்லை. இரண்டு இட்லியும் கிடைத்தது. கல் மாதிரி இருந்தது. குடித்து முடித்ததும் பழக்கத்தில் தட்டு, டம்ளரையெல்லாம் அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள். பரிமாற நின்றவர் பதறி ஓடிவந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எங்கே கழுவுவது என்று தேடியவள் வெறுங்கையோடு சிறிது நேரம் அப்படியே நின்றாள்.

"அவரு எடுத்துக்குவாரு. நீ வந்து படு."

கட்டிலில் உட்கார்ந்து, ஒரு காலாகத் தூக்கி வைத்து, மெதுவாகச் சாய்ந்தாள். முதுகு முழுவதும் விரிப்பில் பட்டதும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சுமல்ல, முனகலுமல்ல. கண்ணை மூடிக்கொண்டே போர்வையின் ஓரத்தைக் கையால் புரட்டித் தையலைத் தடவினாள். "மூலைல நூலு வெட்டாம உட்டுருக்கறாங்க. நம்ம செக்கிங்ல பாஸ் ஆகாது" என்றாள். அதோடு தூங்கிவிட்டாள்.

பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருந்தது. நான் படுக்கவில்லை. இரண்டு பேரும் தூங்கிவிட்டால் யார் எழுப்புவது? நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் கடிகாரம் திருப்பூர் நேரம் காட்டியது, சுவரில் இருந்தது அந்த ஊர் நேரம், டிக்கெட்டில் இருந்தது எந்த ஊர் நேரம் என்று எனக்குச் சந்தேகம். போய்ப் போய் விமான நேரம் போடும் திரையைப் பார்த்துவிட்டு வந்தேன். வெளியே ஒருவர் குளியலறைக்கு இருபது நிமிஷம் காத்திருக்கச் சொன்னார்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு அம்மாள் பழரசத்தைத் திருப்பி அனுப்பினார். அடிக்கடி வருகிறவர்கள் போலிருக்கிறது. அவர்கள் முகத்தில் எங்கும் சந்தோஷம் இல்லை. நிறைய எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அங்கே நிறையக் குறை இருந்தது. நான் ஒரு கட்டிலுக்கு வந்தவன். அதில் அவள் வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கினாள். நான்கு மணி நேரம். வீட்டில்கூட அவள் பகலில் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. வீட்டில் நான் சும்மா உட்கார்ந்து பார்த்ததும் இல்லை.

எழுப்பியபோது கையை ஊன்றாமல் எழுந்தாள். ஏறும் இடத்தில் முதல் வகுப்புக்காரர்களை முதலில் கூப்பிட்டார்கள். நான் அவளோடு நீண்ட வரிசையில் நின்றேன்.

"போங்க, கூப்புடறாங்க."

"கூட்டம் போகட்டும்."

"நீங்க இங்க நின்னா எனக்கு இடுப்பு வலி கொறைஞ்சிருமா? போயிப் படுங்க. பயமா இருந்தா அந்தப் புள்ளைகளக் கூப்பிட்டு என்னைய வரச் சொல்லுங்க" என்று கையை வீசி விரட்டினாள்.

ஏழு மணி நேரம். ஆகாயத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இடையில் இரண்டு தடவை திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போய்ப் பார்க்க முயன்றேன், விளக்கையெல்லாம் அணைத்திருந்ததால் அவள் எந்த வரிசை என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

இறங்கும்போதும் நாங்கள்தான் முதலில். என்னோடு இறங்கியவர்கள் விறுவிறுவென்று போய்விட்டார்கள். விமானத்தையும் கட்டிடத்தையும் சேர்க்கும் அந்தக் கூண்டுப் பாதை முடிகிற இடத்தில் ஓரமாக நின்றேன். அங்கிருந்த ஆள் என் சீட்டைப் பார்த்து, உங்கள் பெட்டிதான் முதலில் வரும், போங்கள் என்று வழி காட்டினார். "வைஃப்" என்றேன். அவர் விட்டுவிட்டார். கைக்குழந்தைக்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்தது. அப்புறம் ஒருவர் இருவராக வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. சக்கர நாற்காலி ஒன்றை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எட்டி எட்டிப் பார்த்தேன். அதில் வந்தது வேறொரு பாட்டியம்மாள்.

அதற்குப் பின்னால் அவள் நடந்து வந்தாள். மெதுவாகத்தான். ஆனால் சுவரைப் பிடிக்காமல் வந்தாள்.

"இடுப்பு எப்படி இருக்குது?"

"அங்க படுத்தது பாதி வழி வரைக்குந் தாங்குச்சுங்க."

"மிச்சப் பாதி?"

"பின்னால போயி நின்னுக்கிட்டேன். டீ குடுக்கற புள்ள ஒருத்தி, மலையாளத்துக்காரி, கூடவே நின்னு பேசீட்டு வந்தா. நேரம் போனதே தெரியல. நீங்க தூங்குனீங்களா?"

"தூங்குனேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் நாலு பேர் பார்க்க என்னைத் தொட்டு நடந்தவளில்லை. அன்றைக்கு என் தோளில் கை வைத்துக்கொண்டாள். "வெரசா நடக்காதீங்க" என்றாள். நின்று நின்று நடந்தோம். பெட்டி எடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டமே இல்லை. எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்ட எங்கள் பெட்டி இரண்டும், சிவப்புச் சீட்டோடு, காலியாக ஓடிய பட்டையில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தன.